கடிகாரமும் கற்பனையும்

1883-ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான ஒரு சுயசரிதம், அதை எழுதியவருடைய கீர்த்திக்கு அவருடைய பகைவர் எவரும் செய்யத் துணியாத தீங்கைச் செய்துவிட்டது என்று ஆங்கில இலக்கிய சரித்திரம் எழுதுவோர் சொல்வதுண்டு. அந்த ஆசிரியர் ஆண்டனி டிராலப். 47 நாவல்களையும் அவற்றோடு பிரயாண நூல்கள், ஜீவிய சரித்திரங்கள், சிறுகதைகள் ஆகியவற்றையும் எழுதிக் குவித்து, ஒரு காலத்தில் டிக்கன்ஸுக்கும் தாக்கரேக்கும் அடுத்த ஆசனத்தில் வைத்து எண்ணப்பட்ட அவர், முந்தின ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி காலமாகியிருந்தார். தமது மரணத்துக்குப் பிறகே அச்சேற வேண்டும் என்று மகனிடம் ஒப்படைத்திருந்த அந்தக் கையெழுத்துப் பிரதியில் அவர் காதல் ரகசியம் எதையும் அம்பலப்படுத்தவில்லை. பெரிய மனிதர் எவரையும் தூற்றவும் இல்லை. தினந்தோறும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜையின் முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தைகள் வீதம் எழுதியதாகவும், அவ்விதம் எழுதிச் சம்பாதித்த மொத்தத் தொகை 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்றும், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலோடு அவர் சொல்லிவைத்தார். அவர் செய்த அபராதம் அவ்வளவே.

ஆனால் அதை மன்னிக்க அக்காலத்து ரசிகர்களுக்கு மனம் வரவில்லை. இலக்கியம் என்பது ஏதோ ஒரு தெய்வீக ஆவேசத்தில் பிறப்பது, அந்த ஆவேசம் வரும் வேளையை எழுதுகிறவனே அறியமாட்டான், வந்துவிட்டால் ஊணும் உறக்கமும் துறந்து எழுதுவான் என்றெல்லாம் நம்பியிருந்த உலகத்தின் முன்னே, நாவல் எழுதுகிறவனும் செருப்புத் தைக்கிறவனும் ஒரே விதமான ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்கள் என்றும், உற்சாகம் வரட்டும் என்று காத்திருப்பதைக் காட்டிலும் நாற்காலியை விட்டு எழுந்திராமல் இருப்பதே எழுத்தாளனுக்கு உத்தமமான உபாயம் என்றும் ஒருவர் கூசாமல் எழுதிவைத்தது பெரிய அபசாரமாகத் தோன்றிற்று. அவருடைய கீர்த்தி 1870-களின் பிற்பகுதியிலேயே தேயத் தொடங்கியிருந்தது என்பது உண்மையே. எனினும், குமாஸ்தாவைப் போலக் கணக்கு வைத்து எழுதிய ஆசாமி என்னும் இளப்பமான பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டதற்கு அந்தச் சுயசரிதமே முதற்காரணம். அந்தப் பெயர் இன்றும் முழுதும் நீங்கியபாடில்லை.

அவருடைய நாவல்களில் இருபதுக்கு மேல் படித்தவன் என்ற உரிமையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: டிராலப்பின் மீது கூறப்பட்ட தீர்ப்பு, பண்டத்தைப் பாராமல் பட்டறையைப் பார்த்துக் கூறப்பட்ட தீர்ப்பு. அதுவுமன்றி, எந்த ஒழுங்கைக் கண்டு அவரைக் கலைஞர் அல்லர் என்று தள்ளினார்களோ, அந்த ஒழுங்கிலிருந்தும் அதற்குத் தாயகமான வாழ்க்கையிலிருந்துமே அவருடைய கலையின் தனிச் சிறப்பு பிறந்தது. இதை விளங்கிக்கொள்ள அவருடைய சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி லண்டனில் பிறந்த டிராலப்பின் தந்தை, கல்வியில் குறைவற்றவர். ஆனால் முன்கோபத்தினால் கட்சிக்காரர்களை ஒவ்வொருவராக இழந்த பாரிஸ்டர். தனக்கு வந்து சேரும் என்று அவர் நம்பியிருந்த பிதுரார்ஜிதம், அதை வைத்திருந்த முதிய உறவினர் காலங்கடந்து மணம் செய்துகொண்டு வாரிசைப் பெற்றமையால் கைவிட்டுப் போயிற்று. வக்கீல் தொழிலில் இழந்ததை விவசாயத்தில் மீட்பதாக எண்ணி ஹாரோவில் குத்தகைக்கு எடுத்த நிலம், மிச்சமிருந்ததையும் விழுங்கிற்று. கடைசிக் காலத்தில் அவர் கிறிஸ்தவ சமயம் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொகுப்பதில் இறங்கி, தாங்க முடியாத தலைவலிகளுக்கிடையே எழுதிக்கொண்டேயிருந்து, அதை முடிக்காமலே மாண்டார். கற்றவர், நேர்மையானவர், ஓயாமல் உழைத்தவர், எனினும் தொட்டது எதுவும் துலங்காதவர் என்ற இந்தத் தந்தையின் சித்திரம் மகனுடைய மனத்தில் ஆழப் பதிந்து, பல ஆண்டுகள் கழித்து ஒரு மகத்தான பாத்திரமாக வெளிப்பட்டதைப் பின்னால் காண்போம்.

ஹாரோ, பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அவ்வூரில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் சம்பளமின்றி இடம் இருந்தது. அந்தச் சலுகையில் சேர்ந்த டிராலப், சேறும் சகதியுமான பாதைகளில் தினமும் பன்னிரண்டு மைல் நடந்து, கிழிந்த உடையும் புழுதி படிந்த காலணியுமாகச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நடுவே உட்கார வேண்டியிருந்தது. இவ்வளவு அழுக்கான பையனால் பள்ளிக்கே அவமானம் என்னும் பொருள்பட ஒரு நாள் தலைமையாசிரியர் தெருவில் நிறுத்திக் கேட்டதை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. விளையாட்டில் சேர்ப்பாரில்லை, பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

இந்தத் தனிமையில் அந்தப் பையன் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டான். தன்னை நாயகனாக வைத்து மனத்துக்குள்ளேயே ஒரு கதையைத் தொடங்கி, ஒரே கதையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் நடத்திக்கொண்டு போவான். மனக்கோட்டை கட்டாத பிள்ளைகள் இல்லை. ஆனால் இந்தக் கோட்டைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. நடக்க முடியாத எதுவும் அந்தக் கதையில் நடக்கலாகாது. நாயகன் ராஜாவாகவோ பிரபுவாகவோ ஆகிவிடக் கூடாது. முந்தின நாள் நடந்ததற்குப் பொருந்தாத எதுவும் மறுநாள் நுழையக் கூடாது. தாம் நாவலாசிரியர் ஆனது இந்தப் பழக்கத்தினால்தான் என்று டிராலப்பே அந்தச் சுயசரிதத்தில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். கால் மணிக்கு 250 வார்த்தை என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு குதித்த விமர்சகர்கள், அதே புத்தகத்தின் ஆரம்ப அத்தியாயங்களில் உள்ள இந்தச் செய்தியைக் கவனியாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

அவருடைய தாயார் பிரான்ஸஸ் டிராலப்பின் கதை, தனியே ஒரு நூலுக்கு உரியது. குடும்பத்தின் நிலையைச் சீர்ப்படுத்தலாம் என்று 1827-இல் அமெரிக்காவுக்குச் சென்று, ஸின்ஸினாட்டி நகரில் ஒரு பெரிய வியாபார மண்டபத்தைக் கட்டி, அதில் கைப்பொருளையெல்லாம் இழந்து 1831-இல் திரும்பிய அந்த அம்மையார், அமெரிக்கர்களின் நடையுடை பாவனைகளைப் பற்றி 1832-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதிய அந்த முதல் நூல் இங்கிலாந்தில் புகழையும் அமெரிக்காவில் ஆத்திரத்தையும் ஒருங்கே சம்பாதித்தது. ஆயினும் 1834-இல் கடன்காரர்களுக்கு அஞ்சிக் குடும்பமே பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கே ஒரு மகன் க்ஷயரோகத்தினால் இறந்துகொண்டிருந்தான். கணவர் நோயில் விழுந்தார். ஒரு மகளின் உடலும் தளர்ந்துகொண்டிருந்தது. மருந்துப் புட்டிகளும் மைப்புட்டியும் ஒரே அறையில் இருக்க, இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருந்து, விடியுமுன்னே எழுந்து, உல்லாசமான கதைகளை எழுதி அந்தத் தாய் குடும்பத்தைக் காப்பாற்றினார். நூற்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் அவர் பேனாவிலிருந்து வந்தன. மனம் சரியாக இருந்தால்தான் எழுத வரும் என்ற வாதம் ஆண்டனி டிராலப்பிடம் செல்லாமற்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே 1834-இல், பத்தொன்பது வயதில், அவருக்கு லண்டன் தலைமைத் தபால் அலுவலகத்தில் ஆண்டுக்கு 90 பவுன் சம்பளத்தில் இளநிலைக் குமாஸ்தா வேலை கிடைத்தது. பத்திரிகையிலிருந்து சில வரிகளைப் பார்த்தெழுதச் சொன்னபோது, மையைச் சிந்தியும் பிழைகள் செய்தும் தோற்று, நாளைக்கு நன்றாக எழுதிக் கொண்டுவா என்ற உத்தரவின்பேரில் வீட்டில் உட்கார்ந்து கிப்பனின் சரித்திரத்திலிருந்து பல பக்கங்களை அழகாக எழுதி எடுத்துச் சென்றால், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மேஜையைக் காட்டி உட்காரச் சொன்னார்களாம். உத்தியோகப் பரீக்ஷைகளைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதிய பரிகாசங்களுக்கு மூலம் இதுவே.

அங்கே கழிந்த ஏழு ஆண்டுகள் நன்றாகக் கழியவில்லை. வேளைக்கு வருவதில்லை, மேலதிகாரியிடம் நல்ல பெயர் இல்லை, தையற்காரருக்குத் தர வேண்டிய 12 பவுனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு வட்டிக்கடைக்காரரின் கைக்கு மாறி, ரொக்கமாகப் பெற்ற 4 பவுன் கடனும் சேர்ந்து, வட்டியும் முதலுமாக 200 பவுனுக்கு மேல் கொடுத்தபிறகே தீர்ந்தது. அந்த வட்டிக்கடைக்காரர் தினந்தோறும் அலுவலகத்துக்கே வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, காலந்தவறாமல் இருக்க வேண்டும் என்று காதோடு உபதேசம் செய்துவிட்டுப் போவாராம். காலந்தவறாமைக்கே பிற்காலத்தில் உதாரண புருஷராக விளங்கிய ஒருவர், அந்தப் பாடத்தை முதலில் கேட்டது இப்படிப்பட்ட ஓர் ஆசானிடம்!

1841-இல் அயர்லாந்தின் பானகர் என்னும் சிற்றூரில் தபால் சர்வேயரின் கீழ் ஒரு வேலை காலியாயிற்று. யாரும் விரும்பாத அந்த வேலையை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இவன் எதற்கும் உதவாதவன் என்று லண்டன் அதிகாரி எழுதிய கடிதம் அவருக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் புதிய மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, உன்னை உன் வேலையைக் கொண்டே மதிப்பிடுவேன் என்று சொன்னார். ஒரு வருஷத்துக்குள் டிராலப் நல்ல ஊழியர் என்று பெயரெடுத்துவிட்டார். குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றினார், வேட்டையில் மோகங்கொண்டார், 1844-இல் ரோஸ் ஹெஸல்டைன் என்னும் பெண்ணை மணந்துகொண்டார். வேலை மனிதனைத் தேய்த்துவிடும் என்பார்கள்; டிராலப்பைப் பொறுத்தவரை, மனிதராக நிமிர்த்தியது வேலைதான்.

அங்கே பாழடைந்து கிடந்த ஒரு வீட்டைக் கண்டு எழுதத் தொடங்கிய முதல் நாவல் 1847-இல் வெளிவந்தது. அதனால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது நாவலில் 375 பிரதிகள் அச்சாகி 140 விற்றன. மூன்றாவது நாவலுக்கு 20 பவுன் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் புகழும் இன்றி, பொருளும் இன்றி, உத்தியோகத்துக்கு எவ்விதக் குந்தகமும் நேராமல் எழுதிக்கொண்டிருந்தார். பணத்துக்காக எழுதியவர் என்று அவரைப் பழிப்பவர்கள் இந்தப் பத்து ஆண்டுகளை என்ன செய்வார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

1851-இல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் கிராமத் தபால் பட்டுவாடாவை ஒழுங்குபடுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு தபால்காரரை நாளொன்றுக்குப் பதினாறு மைலுக்கு மேல் நடக்கவைக்கலாகாது. அவர் நடக்கும் வழியோ, அதில் கிடைக்கும் கடிதங்களின் வருவாயால் கட்டுபடியாக வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்த வழி வகுப்பதற்காக, டிராலப் ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் பாதிரியார் மனைக்கும் தாமே குதிரைமீது சென்று விசாரித்தார். 1852-இல் கால்வாய்த் தீவுகளைப் பார்வையிட்டவர், பிரான்சு தேசத்தில் வழங்கிய முறையைப் பின்பற்றித் தெருவோரங்களில் தபால் பெட்டிகளை நிறுத்தலாம் என்று யோசனை கூற, அவ்வாண்டு நவம்பரில் ஜெர்ஸித் தீவில் முதற்பெட்டிகள் நாட்டப்பட்டன. பிரிட்டனின் தெருமுனைகளில் நிற்கும் தபால் தூண்களுக்கு மூலபுருஷர் இந்த நாவலாசிரியரே.

அதே 1852-ஆம் ஆண்டின் ஒரு கோடைக்கால மாலையில், ஸாலிஸ்பரி நகரத்துப் பேராலயத்தைச் சுற்றி உலாவிக்கொண்டிருந்தபோது, 'தி வார்டன்' நாவலின் கரு அவருக்கு உதித்தது. அதிலிருந்து கிளைத்தவைதாம் பார்செட்ஷயர் என்னும் கற்பனை ஜில்லாவைப் பற்றிய ஆறு நாவல்கள். லண்டனைத் தவிரப் பேராலய நகரம் எதிலும் தாம் வசித்ததில்லை என்றும், தமது புகழ்பெற்ற பாத்திரமான ஆர்ச்டீக்கனைப் படைத்த காலத்தில் உண்மையான ஆர்ச்டீக்கன் ஒருவரோடும் பேசியதுகூட இல்லை என்றும் டிராலப் சொல்லியிருக்கிறார். கடிகாரத்துக்கு எழுதியவருக்குக் கற்பனை ஏது என்று கேட்போர், இதற்கு விடை சொல்ல வேண்டும்.

1855-இல் வெளிவந்த 'தி வார்டன்' அளவில் சிறியது. ஆனால் டிராலப்பின் தர்மம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு தர்மவான் பன்னிரண்டு ஏழை முதியவர்களின் பராமரிப்புக்காக எழுதிவைத்த சொத்து காலப்போக்கில் பெருகிவிட, முதியவர்களுக்குக் கிடைப்பது சொற்பமாகவும், அவர்களை மேற்பார்க்கும் பாதிரியார் ஹார்டிங்குக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 800 பவுனாகவும் ஆகியிருக்கிறது. இது அக்கிரமம் என்று ஒரு சீர்திருத்தவாதி கிளம்புகிறார். லண்டனின் பெரும் பத்திரிகை ஒன்று இடி முழங்குகிறது. ஆனால் ஹார்டிங் பேராசைக்காரர் அல்லர், சங்கீதப் பிரியர், மனக்கலக்கம் நேரும்போதெல்லாம் கையில் இல்லாத வாத்தியத்தை இருப்பதாகப் பாவித்து வாசிக்கும் சாது, முதியவர்களைச் சொந்த மனிதர்களாக நேசிப்பவர். முறைகேடு உண்மை, மனிதரோ குற்றமற்றவர். இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கச் சீர்திருத்தவாதியாலும் முடியவில்லை, பத்திரிகையாலும் முடியவில்லை, ஹார்டிங்கால் முடிகிறது. சட்டம் தம் பக்கம் இருந்தும், மனச்சாட்சி இடங்கொடாமையால் பதவியைத் துறக்கிறார். வெற்றி பெற்ற சீர்திருத்தத்தின் விளைவாக முதியவர்களின் நிலை முன்னிலும் மோசமாகிறது. தினந்தோறும் யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கும் நம் காலத்துப் பொதுவாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் ஒன்றை என்னால் சொல்ல முடியாது. முதல் ஆண்டு முடிவில் இதற்கு ஆசிரியர் பெற்ற ஊதியம் பத்துப் பவுனுக்கும் குறைவு. கல்லுடைத்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று அவரே எழுதினார்.

இனி, அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்காகவே பழைய குதிரைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் அதிகமாகக் கொடுத்து, ஐந்தரைக்கு மேஜையில் அமர்ந்து, முந்தின நாள் எழுதியதை அரைமணி நேரம் படித்துச் செவியால் சரிபார்த்து, அதன்பின் எழுதத் தொடங்கி, காலை உணவுக்கு உடுத்துமுன் அன்றைய பங்கை முடித்துவிடுவார். பிறகு முழுநாள் அரசாங்க ஊழியம். ரயிலில் செல்லும்போது மடிப்பலகை வைத்து எழுதினார். கப்பலில் தச்சரைக்கொண்டு மேஜை அமைத்து எழுதினார். 1875-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த கப்பலொன்றில் அவரோடு பிரயாணம் செய்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ், அலை எவ்வளவு கொந்தளித்தாலும் டிராலப் காலைதோறும் தம் அறையில் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டு அதிசயித்திருக்கிறார்.

இதில் இகழத் தக்கது என்ன இருக்கிறது? விடியற்காலையில் தம்புராவை மீட்டி வருஷக்கணக்காகச் சாதகம் செய்யும் சங்கீத வித்துவானைப் பார்த்து, இவருக்குப் பாவம் வராது, இவர் பாட்டு வெறும் கணக்கு என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சாதகமே கச்சேரி மேடையில் மனோதர்மத்துக்கு வழிவிடுகிறது என்று எல்லாரும் அறிவர். எழுத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? கால் மணிக்கு 250 வார்த்தை என்பது கதையைத் தாளில் இறக்கிய வேகமே ஒழிய, கதை பிறந்த வேகம் அன்று. குதிரைமேல் நாற்பது மைல் போகும்போதும், அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும்போதும், பள்ளிப் பிராயத்திலிருந்து பழகிய அந்த மனக்கோட்டையில் அவருடைய பாத்திரங்கள் நடமாடிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுடைய குரலும், கோபமும், அவர்கள் எதைச் சொல்வார்கள் எதைச் சொல்ல வாய் எழாது என்பதும் தெரிந்திருந்தபடியால்தான் அவருக்குக் காலையில் பேனா தயங்காமல் ஓடிற்று.

அவரது உத்தியோகம் கொடுத்த கொடை மற்றொன்று. அதிகாரம் என்பது சிம்மாசனத்தில் மாத்திரம் இருப்பதன்று; கமிட்டிகளிலும், குறிப்புத் தாள்களிலும், பதவி உயர்வுப் பட்டியல்களிலும், ஒருவரையொருவர் பொறாமையோடு நோக்கும் சக ஊழியர்களின் கண்களிலும் அது வாழ்கிறது என்பதை முப்பத்துமூன்று வருஷ ஊழியத்தில் அவர் கண்கூடாகக் கண்டார். 1857-இல் வந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில் பிஷப்பின் மனைவி திருமதி பிரௌடி கணவருக்குப் பதிலாக மறைமாவட்டத்தையே ஆளும் காட்சிகள், எந்தக் காரியாலயத்தில் வேலை பார்த்தவருக்கும் பழகிய சிரிப்பை வரவழைக்கும். சாதாரண வாழ்க்கையை அதன் முழுமையில் உணர்ந்து சொல்வதில் டிராலப்புக்கு நிகரில்லை என்று, அவரைக் கண்டித்தும் எழுதிய ஹென்றி ஜேம்ஸே ஒப்புக்கொண்டார்.

ஆனால் சாதாரணத்தில் மட்டும் நின்றுவிட்டவர் அல்லர் என்பதற்கு 1867-இல் நிறைவுற்ற பார்செட்ஷயரின் இறுதி நாவல் சாட்சி. அதன் நாயகர் ஜோஸையா கிராலி, கிரேக்கமும் ஹீப்ருவும் கரைகண்டவர். ஏழைச் செங்கல் தொழிலாளர்கள் வாழும் ஊரின் பாதிரியார். மனைவி மக்களுக்கு வயிறார உணவளிக்க இயலாதவர். எவருடைய உதவியையும் ஏற்க மறுக்கும் அகங்காரம் படைத்தவர். 20 பவுன் காசோலை ஒன்றைத் திருடினார் என்று அவர்மேல் பழி வருகிறது. அது தம் கைக்கு வந்த விதம் அவருக்கே நினைவில்லை. தம் புத்தியையே தாம் சந்தேகிக்கிறார். சேற்றில் நடந்து பிஷப்பின் மாளிகைக்குப் போய், அங்கே அதிகாரம் செய்ய முனையும் திருமதி பிரௌடியை ஒரே அதட்டலில் வாயடைக்கச் செய்கிறார். மழையில் நனைந்து நிற்கும் அவரிடம், விடாப்பிடியாய் இருப்பதே எதையும் சாதிக்கும் என்னும் கருத்தைத் தன் கொச்சை மொழியில் சொல்லிப் போகிறார் ஒரு கிழட்டுச் செங்கல் தொழிலாளி. கற்றும் நேர்மை காத்தும் உழைத்தும் தோற்றுப்போன தந்தையின் நிழல் இந்தப் பாத்திரத்தின்மேல் விழுந்திருக்கிறது. அந்தத் தந்தைக்குக் கிடைக்காமற்போன ஆறுதலும் இங்கே கிடைக்கிறது. இதை எழுதிய வேளையிலும் கடிகாரம் எதிரேதான் இருந்தது.

1875-இல் புத்தகமாக வந்த 'தி வே வி லிவ் நவ்' இன்னொரு சிகரம். எங்கிருந்து வந்தான், எதைக் கொண்டு சம்பாதித்தான் என்று ஒருவருக்கும் தெரியாத மெல்மாட் என்னும் நிதிப் புலி, கட்டப்படாத ரயில் பாதையின் பங்குகளை விற்று லண்டன் சமூகத்தையே காலடியில் விழவைப்பதும், பிரபுக்கள் அவனை இகழ்ந்துகொண்டே அவன் விருந்துக்கு ஓடுவதும், அவன் பார்லிமெண்டு அங்கத்தினனாகி வீழ்வதும் அதன் கதை. இந்தக் கதையை நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையது என்று நம்பப் படிப்பவருக்குச் சிரமமாயிருக்கும்.

குறைகளை மறைப்பது நியாயமாகாது. 47 நாவல்களில் பத்துப் பன்னிரண்டை இழந்தால் இலக்கியம் வருந்தாது. மூன்று தொகுதிகளை நிரப்பியாக வேண்டும் என்ற அக்காலப் பதிப்பு முறைக்கு இணங்கி, தேவையற்ற உபகதைகளைச் சேர்த்தார்; நரி வேட்டை வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது; இதெல்லாம் கதைதானே என்று நடுவே தாமே நுழைந்து சொல்லி மாயையைக் கலைத்துவிடும் வழக்கத்தை ஹென்றி ஜேம்ஸ் கண்டித்தது சரியே. ஆனால் இக்குறைகளைக் கடிகாரத்தின்மேல் ஏற்றுவது எப்படிப் பொருந்தும்? காலமும் நேரமும் பாராமல் எழுதியவர்களும் சலிப்பூட்டும் நூல்களை ஏராளமாக நமக்கு அளித்திருக்கிறார்கள்.

1860-இல் தாக்கரே ஆசிரியராயிருந்த 'கார்ன்ஹில்' மாதப் பத்திரிகையில் 1,000 பவுன் ஊதியத்துக்குத் தொடர்கதை எழுதியதோடு அவர் புகழ் உச்சத்தை எட்டிற்று. அதன் பின்னரும் ஏழு ஆண்டுகள் தபால் இலாகாவை அவர் விடவில்லை. அதற்கு முன்பே, 1858-இல், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் தபால் மூட்டைகளை எகிப்தின் வழியே ரயிலில் கடத்துவதற்கு உடன்படிக்கை செய்ய அனுப்பப்பட்டவரும் அவரே. நாற்பத்தெட்டு மணி நேரம் வேண்டும் என்று பிடிவாதம் செய்த எகிப்திய அதிகாரியிடம் இருபத்துநான்கு மணி நேரமே போதும் என்று வாதாடி வென்றார். தமக்குரிய பதவி உயர்வு கிட்டாத மனக்குறையோடு 1867-இல் ராஜினாமாச் செய்தார். அடுத்த ஆண்டு பெவர்லி தொகுதியில் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு நின்று, கடைசி ஸ்தானத்தில் தோற்றார். லஞ்சம் தலைவிரித்தாடிய அந்தத் தொகுதியே பிறகு ரத்தாயிற்று. 1875-இல் ஆஸ்திரேலியாவிலிருந்த மகனைக் காணச் செல்லும் வழியில் இலங்கையில் இறங்கியபோது, அவரை உபசரித்தவர் அப்போதைய கவர்னர் வில்லியம் கிரெகரி. ஹாரோவில் அழுக்கும் அலங்கோலமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனை எல்லாரோடும் சேர்ந்து தாமும் விலக்கி நடந்ததைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவரும் இந்தக் கிரெகரிதான்.

காலம் மெதுவாகவேனும் நியாயம் வழங்கிற்று. 1927-இல் மைக்கேல் ஸாட்லியர் எழுதிய ஆராய்ச்சி நூல் அவரை மீண்டும் கவனிக்கவைத்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், குண்டுமாரிக்கு நடுவே, ஆங்கில வாசகர்கள் பார்செட்ஷயரைத் தேடிச் சென்றார்கள். 1993-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கவிஞர் மூலையில் அவருக்கு நினைவுக்கல் பதித்தார்கள். எனினும், டிராலப் என்றதும் நாவலுக்கு முன்னே கடிகாரத்தைச் சொல்லும் வழக்கம் மட்டும் ஒழியவில்லை.

அதை ஒழிக்கும் வழியை அவரே காட்டியிருக்கிறார். புகழின் உச்சியில் இருந்தபோது, தம் நூல்களை உலகம் பாராட்டுவது அவற்றின் தகுதிக்காகவா, அட்டையிலுள்ள பெயருக்காகவா என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. அதைச் சோதிக்க, பிராக் நகரத்தைக் களமாகக்கொண்ட 'நீனா பலாட்கா', நூரம்பர்க் நகரத்தைக் களமாகக்கொண்ட 'லிண்டா டிரெஸல்' என்னும் இரண்டு நாவல்களை 1866 முதல் 1868 வரையில் பெயரின்றி வெளியிட்டார். விற்பனை பெரிதாக இல்லை. ஆனால் 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையின் ஹட்டன் என்னும் விமர்சகர், நடையையும் பாத்திரங்களையும் கொண்டே இது டிராலப் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டார். எழுதிய நேரத்தைப் பற்றியும் வாங்கிய ஊதியத்தைப் பற்றியும் எதுவும் அறியாமல், பக்கங்களை மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. நாமும் ஓர் ஆசிரியரை எடைபோடும்போது, அவர் எப்போது எழுந்தார், எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை பக்கம் எழுதினார் என்னும் கேள்விகளைச் சரித்திரக்காரரிடம் விட்டுவிட்டு, ஹட்டன் செய்தபடி புத்தகத்தைத் திறப்பதே முறை. அப்படித் திறக்க நினைப்போருக்கு 'தி வார்டன்' நல்ல தொடக்கம்; எழுத நினைத்தும் உற்சாகம் வரவில்லையே என்று நாள் கடத்திக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கோ, அந்தப் பழிசுமந்த சுயசரிதத்தையே முதலில் சிபாரிசு செய்வேன்.